வாடிக்கையாளர் விழிப்பாக இருந்தால் போதாதா, ஒழுங்குமுறை ஆணையம் எதற்கு?

போதாது என்பதே என் பதில். எவ்வளவு விழிப்பாக இருப்பவரும் கண்ணுக்குத் தெரிவதைத்தான் பார்க்க முடியும்.

சில மாதங்களுக்கு முன் ஓர் இணையச் சேவையின் சந்தாவை நிறுத்த முயன்றேன். சேர்வதற்கு ஒரே பொத்தான்தான் இருந்தது. விலகுவதற்கோ நான்கு பக்கங்களைக் கடந்து, காரணம் சொல்லி, சலுகையை இரண்டு முறை மறுத்த பிறகு, தொலைபேசியில் அழைக்கும்படி ஓர் அறிவிப்பு வந்தது. அலுத்துப்போய் இன்னொரு மாதக் கட்டணத்தையும் கட்டினேன். தொகை அற்பம், அதற்காக எவரும் வழக்காட மாட்டார்கள். ஆனால் அப்படி அலுத்துப்போகிறவர்கள் லட்சக்கணக்கில் சேரும்போது அது கணிசமான வருமானம். தனியொருவர் பொருட்படுத்தாத இழப்பை மொத்தமாகத் திரட்டிப் பார்த்துக் கேள்வி கேட்பது ஆணையத்தின் முதல் வேலை.

இதுவாவது என் கண்முன் நடந்தது. போட்டியாளர்கள் இரகசியமாகக் கூடி விலையைப் பேசி வைத்துக்கொண்டால், வாங்குபவருக்கு ஏமாற்றப்பட்டதே தெரியாது. எங்கே விசாரித்தாலும் ஏறக்குறைய ஒரே விலைதான் என்று நினைத்துக்கொள்வார். ஐரோப்பாவில் முன்னணி லாரித் தயாரிப்பாளர்கள் 1997 முதல் 2011 வரை 14 ஆண்டுகள் இப்படித்தான் பட்டியல் விலைகளைப் பேசி முடிவு செய்தார்கள்; மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு ஏற்ற தொழில்நுட்பத்தை எப்போது அறிமுகப்படுத்துவது, அதன் செலவை வாங்குபவர் தலையில் எப்படிச் சுமத்துவது என்பதையும்கூடச் சேர்ந்தே தீர்மானித்தார்கள். கூட்டைக் காட்டிக்கொடுத்தது அதன் உறுப்பினர்களில் ஒன்றான மான் (MAN) என்ற லாரி நிறுவனம். முதலில் வந்து உண்மையைச் சொல்பவருக்கு அபராதம் கிடையாது என்ற விதி இருந்ததால், சுமார் 120 கோடி யூரோ அபராதத்திலிருந்து அது தப்பியது. வால்வோ, டைம்லர், இவெக்கோ, டாஃப் ஆகியவற்றுக்கு 2016-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் விதித்த மொத்த அபராதம் ஏறத்தாழ 293 கோடி யூரோ. மற்றவர்களைப் போலக் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் வாதாடிய ஸ்கேனியாவுக்கு மறு ஆண்டு தனியாக 88 கோடி.

அபராதத் தொகையைவிட அந்த மன்னிப்பு விதியையே நான் பெரிதாக மதிக்கிறேன். கூட்டுச் சதியில் இருக்கும் ஒவ்வொருவரும், தனக்கு முன் வேறு எவராவது ஆணையத்தின் கதவைத் தட்டிவிடுவாரோ என்று அஞ்சும் நிலையை அது உருவாக்குகிறது. ஆயிரம் ஆய்வாளர்களை நியமித்தாலும் இந்த அச்சத்துக்கு ஈடாகாது.

குறைகளும் உண்டு. லாரி வழக்கில் 2011-இல் திடீர்ச் சோதனை நடத்திய பிறகும் முடிவு வர ஐந்து ஆண்டுகள் ஆயின. அபராதப் பணமும் கூடுதல் விலை கொடுத்தவர்களிடம் போகவில்லை, ஐரோப்பிய ஒன்றியத்தின் வரவுசெலவுக் கணக்கில் சேர்ந்தது. லாரி வாங்கியவர்கள் நட்ட ஈட்டுக்குத் தத்தம் நாட்டு நீதிமன்றங்களில் தனியே வழக்குத் தொடர வேண்டியிருந்தது. அங்கே இழப்பின் அளவை அவர்களே மெய்ப்பிக்க வேண்டும். கூட்டு நடந்ததா என்ற கேள்விக்கு மட்டும் ஆணையத்தின் முடிவே போதுமான சான்று.