ஒன்பது மணிக்கு மேலே: வாசகர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர் மதுரையில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

அக்கா, மாசி வீதிப் பக்கம் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். கிளம்ப இரவு 10 மணி ஆகிவிடும். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும் சாலையில் போன வருடம் வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் போட்டார்கள். வெளிச்சம் வந்தும் பயம் போகவில்லை. தப்பு என்னிடம்தானா? (வாசகி, செல்லூர்)

உன்னிடம் ஒரு தப்பும் இல்லை, தங்கச்சி. என் கதையைச் சொல்கிறேன்.

மதிய டூட்டி முடித்து, ஹேண்டோவர் கொடுத்து, பஸ் பிடித்து எங்கள் ஸ்டாப்பில் இறங்கும்போது பத்து மணி நெருங்கிவிடும். அங்கே அப்போது ஒரே ஒரு சோடியம் விளக்கு. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்புச் சேலை எது, பச்சைச் சேலை எது என்றுகூடத் தெரியாது. ஆனால் விளக்குக்குக் கீழே ஒரு அம்மா இட்லிக்கடை போட்டிருந்தார். "என்ன நர்சம்மா, இன்னைக்கு லேட்டு?" என்று கேட்பார். நான் திருப்பத்தைத் தாண்டும் வரைக்கும் கரண்டியோடு எழுந்து நின்று பார்ப்பார். அவர் கடையில் சாப்பிட உட்கார்ந்திருக்கும் ஆட்டோக்காரர்களுக்கும் லோடுமேன்களுக்கும் என் முகம் தெரியும். பதினைந்து வருடம் அந்தச் சாலையில் தனியாகத்தான் நடந்தேன்.

பிறகு சாலையை அகலப்படுத்தினார்கள். கடை போயிற்று. அந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் நீளமாக ஒரு காம்பவுண்டுச் சுவர் வந்தது. பளிச்சென்று விளக்குகளும் வந்தன. அந்த வாரமே வீட்டுக்காரரை ஸ்டாப்புக்கு வந்து நிற்கச் சொன்னேன். விளக்கு கூடியது, என்னைப் பார்க்க ஆள் இல்லாமல் போனது.

உன் சாலையிலும் கவனித்துப் பார். சுவர் எவ்வளவு தூரம் போகிறது? அதில் ஒரு வாசல், ஒரு ஜன்னல் உண்டா? விளக்கு ரோட்டுக்கு நடுவே அடிக்கிறதா, நீ நடக்கிற ஓரத்தில் விழுகிறதா? வேப்பமரக் கிளை விளக்கை மறைத்தால், வண்டிக்கு வெளிச்சமும் நடக்கிறவளுக்கு இருட்டும்தான் மிச்சம். அளவுக்கு மீறிய பளிச்சும் நல்லதில்லை. அதைப் பார்த்த கண்ணுக்குப் பக்கத்துச் சந்தின் இருட்டு பழகச் சில நிமிடம் ஆகும். உயரத்தில் ஒரு பெரிய விளக்கை விட, சின்னதாகத் தாழ்வாக நாலு விளக்கு நடப்பவர்களுக்கு உதவும்.

1989-ல் கனடாவின் டொராண்டோவில் ஒரு பெண்கள் அமைப்பு இதைத்தான் ஒரு முறையாகவே ஆக்கியது. பெண்கள் சேர்ந்து இரவில் தெருவை நடந்து பார்த்து, எங்கே பயம் வருகிறது, ஏன் வருகிறது என்று எழுதிக் கொடுப்பது. பின்னால் பல நாடுகள் இதை எடுத்துக்கொண்டன. உன் கடைப் பெண்கள் நாலைந்து பேர் ஒரு ராத்திரி இப்படி நடங்கள். எரியாத விளக்கின் கம்பத்தில் எண் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். வார்டில் பகுதி சபை கூடும்போது கவுன்சிலரிடம் எழுத்தில் கொடுங்கள். விளக்கோடு நிறுத்தாமல், அந்தச் சுவரோரம் இரண்டு தள்ளுவண்டிக்கு இடம் வேண்டும் என்றும் கேளுங்கள். 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, தெருக்கடை விஷயங்களைப் பார்க்க நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் வியாபாரிகள் சார்பாக வருகிறவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அவர்களுக்கு உங்கள் பேச்சு சட்டென்று புரியும்.

ஸ்டாப்புக்கும் வீட்டுக்கும் முக்கால் கிலோமீட்டர். எங்கள் தெரு முனையில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லலாமா? (வாசகி, விளாங்குடி)

தாராளமாகக் கேளுங்கள். எனக்கு எத்தனையோ கண்டக்டர்கள் விசில் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் அது அந்தந்த மனிதரின் நல்ல மனசு. விதியாக இருந்தால்தான் கூச்சமில்லாமல் கேட்க முடியும். டொராண்டோவில் 1991-லேயே விதியாக்கிவிட்டார்கள்: இரவில் வரும் பெண்கள் இரண்டு ஸ்டாப்புக்கு நடுவிலும் இறங்கிக்கொள்ளலாம். 2021 மே மாதத்திலிருந்து நம் ஊர் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எத்தனை பெண்கள் துணிந்து வெளியே வந்தார்கள் என்று கண்ணால் பார்த்தேன். அதற்கு அடுத்த படி இதுதான். இதற்குப் புது பஸ் வாங்க வேண்டியதில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

இரவில் எனக்கு முன்னால் ஒரு பெண் தனியாகப் போனால், என்னைப் பார்த்துப் பயந்து வேகமாக நடக்கிறார். நான் என்ன செய்யட்டும்? (வாசகர், திருநகர்)

கேட்டதற்கே நன்றி, தம்பி. எதிர்ப்பக்கம் மாறி நடங்கள். வேகமாகப் போய் முந்த வேண்டாம். "பயப்படாதீங்க" என்று கூப்பிட்டுச் சொல்லவும் வேண்டாம், அது பயத்தைக் கூட்டும். வீட்டுக்குப் போன் போட்டுச் சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தால் இன்னும் நல்லது.

டீக்கடைகளை 11 மணிக்கு மூடச் சொல்வதும், பூங்காவை எட்டு மணிக்கே பூட்டுவதும் பெண்களின் பாதுகாப்புக்குத்தானே? (வாசகர், கே.கே.நகர்)

அக்கறையோடு கேட்கிறீர்கள் ஐயா, ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எல்லோரையும் உள்ளே அனுப்பிவிட்டால், வேறு வழியில்லாமல் வெளியே இருக்கிற பெண்தான் தனியாக மாட்டிக்கொள்கிறாள். டூட்டி முடிந்து வரும் நர்ஸ், துணிக்கடைப் பெண், விடியுமுன் மாட்டுத்தாவணிக்குப் பூ வாங்கப் போகிற அம்மா, இவர்களை எந்த நேரக் கட்டுப்பாடும் வீட்டில் உட்கார வைக்காது. 2019-ல் 24 மணி நேரமும் கடை திறக்கலாம் என்று அரசாணை வந்தது. ஆனால் 10 பேராவது வேலை செய்கிற கடைகளுக்குத்தான். ஸ்டாப் பக்கத்து டீக்கடையில் இரண்டு பேர்தானே இருப்பார்கள்! மதுரைக்காஞ்சி காலத்திலேயே அல்லங்காடி என்று இரவுக் கடைத்தெரு வைத்திருந்த ஊர் இது.

சித்திரைத் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின ராத்திரி, தல்லாகுளத்திலும் கோரிப்பாளையத்திலும் இரண்டு மணிக்குப் பெண்கள் பிள்ளைகளோடு பிளாட்பாரத்தில் படுத்திருப்பார்கள். நெரிசலில் கை நீட்டுகிறவன் அங்கேயும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒருத்தி சத்தம் போட்டால் இருபது பேர் திரும்புவார்கள். அந்தக் கூட்டத்தில் பாட்டிகள் இருக்கிறார்கள், நீர்மோர்ப் பந்தல் இருக்கிறது, உட்கார இடம் இருக்கிறது. பூங்காவுக்கும் இதையேதான் கேட்கிறேன்: பூட்டுக்குப் பதில் ஒரு காவலாளி, தண்ணீர், திறந்து வைத்த கழிப்பறை, ராத்திரி பத்து வரை ஒரு சுண்டல் வண்டி. நைட் டூட்டிக்கு முன்னால் பத்து நிமிடம் உட்கார இடமில்லாமல், ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்திருந்த நாட்கள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கின்றன.