மகனின் எண் ஒன்பது

கேள்வி: என் மகன் பொருளறிவியல் ஆராய்ச்சியாளன். உமிச் சாம்பலிலிருந்து சிலிக்கா எடுக்கிறான். எட்டு வருடத்தில் 22 கட்டுரை. ‘எச்-இண்டெக்ஸ் 9’ என்கிறான். கூடப் படித்த பையனுக்கு 27 என்று அவன் அப்பா கல்யாணப் பந்தியில் சொன்னார். என் மகன் ஒழுங்காக உழைக்கவில்லையா?
– ஒரு விவசாயி, வலங்கைமான்

பதில்: பந்தியில் முன்பெல்லாம் ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை நெல் என்று பேசுவோம். இப்போது எச்-இண்டெக்ஸ் வந்துவிட்டது!

சரி ஐயா. அது 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. உங்கள் மகனின் 22 கட்டுரைகளில் 9 கட்டுரைகளை மற்றவர்கள் தலா 9 தடவையாவது மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான். அதில் ஒன்று 500 மேற்கோள் வாங்கியிருந்தாலும் எண் 9தான். மொத்தமாகப் பேசிய நடவுக்கூலி இருபது பேர் நட்டால் இருபதாகப் பிரியும்; இங்கே ஒரே கட்டுரையில் இருபது பெயர் இருந்தாலும் எல்லாருக்கும் முழுக்கூலி.

அந்தப் பையன் எதில் வேலை செய்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. பெரோவ்ஸ்கைட் என்ற படிக வகைப் பொருளில் செய்யும் சூரிய மின்கலம் என்றால் கதையே வேறு. 2009இல் ஜப்பானில் மியாசகா குழு செய்தது 3.8 சதவீத ஒளியைத்தான் மின்சாரமாக்கியது. இன்று 25ஐத் தாண்டிவிட்டது. உலகமே அதன் பின்னால் ஓடுவதால் மேற்கோளும் குவியும். திருவாரூர் ஆழித்தேர் அன்று கடலை விற்றவனோடு மற்ற நாளில் விற்றவனை ஒப்பிட முடியுமா?

உங்கள் பையனின் உமி விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது. நெல் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. எரித்த சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, மணலில் இருக்கிற அதே பொருள். ஆனால் சூடு 800 டிகிரிக்கு மேல் போனால் அது படிகமாகிவிடும். சிமெண்டில் கலந்தாலும் மந்தமாகத்தான் வேலை செய்யும். இதைப் படித்து ஒரு மில்காரர் பாய்லரைத் திருத்தினால் நல்ல காரியம், ஆனால் ஒரு மேற்கோள்கூட ஏறாது. மில்காரர் கட்டுரை எழுதமாட்டாரே!

பந்திக் கணக்கை மட்டும் மகனிடம் கொண்டுபோகாதீர்கள். காசு கொடுத்தால் கட்டுரையில் பெயர் சேர்க்கிறோம் என்று ஆட்கள் அலைகிற காலம் இது. அப்புறம், அவன் ஊருக்கு வரும்போது பக்கத்து மில் சாம்பல் ஒரு பிடி எடுத்துவைத்துக் காட்டுங்கள். கறுப்பாக இருந்தால் எரியாத கரி எவ்வளவு மிச்சம் என்று அவனே ஆரம்பித்துவிடுவான்.