பேருந்து நிலையம் போனபின் கடைவீதி: வாசகர் கேள்வி – பதில்

பழைய கடைவீதிகளுக்கு உயிர் கொடுப்பது பற்றி வந்த கேள்விகளில் ஆறுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். வாடகை பற்றிப் பலர் கேட்டிருந்ததை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

வெளியூர்ப் பேருந்துகள் பஞ்சப்பூரில் உள்ள புதிய பேருந்து முனையத்துக்குப் போய்விட்டன. மத்திய பேருந்து நிலையத்தை ஒட்டிய எங்கள் தெருவில் டீக்கடை முதல் லாட்ஜ் வரை எல்லோருக்கும் வியாபாரம் அடி. நாங்களும் அங்கேயே கடை பிடிப்பதா, இங்கேயே தாக்குப்பிடிப்பதா?
– பேன்சி ஸ்டோர் உரிமையாளர், திருச்சி

முதலில் உங்கள் தெரு வியாபாரத்தை இரண்டாகப் பிரியுங்கள். பேருந்துக்குக் காத்திருந்தவர் போகிற போக்கில் வாங்கியது ஒன்று. இந்தக் கடைக்கென்றே வீட்டிலிருந்து கிளம்பி வந்தவர் வாங்கியது இன்னொன்று. தண்ணீர் பாட்டில், வாழைப்பழம், செல்போன் கவர், ஊருக்கு வாங்கிப்போகும் அரைக்கிலோ மிக்சர் எல்லாம் முதல் வகை. அது பேருந்தோடு போய்விட்டது, எந்தத் தள்ளுபடி பேனரும் திருப்பிக் கொண்டுவராது. மூக்குக்கண்ணாடி, பாத்திரம், தையல் சாமான், மருந்து ஆகியவை இரண்டாம் வகை. முதல் வகையில் வருமானம் பாதிக்குமேல் இருந்தால் புதிய இடத்தைப் பாருங்கள். இல்லையென்றால் இங்கேயே இருந்து சரக்கை மாற்றுங்கள்.

எது பாதி என்று ஊகிக்க வேண்டாம், எண்ணிவிடலாம். இரண்டு பேரும் ஒரு கோடு போட்ட நோட்டும் போதும். ஒரு சாதாரணச் செவ்வாய், ஒரு சனி, முகூர்த்தத்துக்கு முந்தைய ஒரு நாள் என்று மூன்று நாள் எண்ணுங்கள். காலை 8 முதல் இரவு 10 வரை, ஒவ்வொரு மணியிலும் முதல் 15 நிமிடம் தெருவைக் கடப்பவர்களை எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஆண், பெண், கையில் கடைப்பை உள்ளவர் என்று தனித்தனிப் பத்தி போடுங்கள். பக்கத்தில் உங்கள் பில் மெஷின் காட்டும் மணிவாரி விற்பனையை எழுதுங்கள். இதில் எல்லோரும் செய்யும் தவறு, மாலை 6 மணிக் கூட்டத்தை மட்டும் எண்ணுவது. அடுத்தது, அங்குமிங்குமாக நடக்கும் கடைப் பையன்களையும் லோடுமேன்களையும் பத்துமுறை எண்ணிவிடுவது. ஆடி, தீபாவளி வாரங்களில் எடுத்த கணக்கு எதற்கும் உதவாது.

நோட்டு மூன்று விதமாகப் பேசும். ஆள் நிறைய, பை குறைவு என்றால் சரக்கு தப்பு. ஆள் குறைவு, ஆனால் வந்தவர் கையிலெல்லாம் பை என்றால் கடைகள் சரி, தெருவுக்கு வரக் காரணம்தான் போதவில்லை. காலை 11 முதல் மாலை 4 வரை மட்டும் வெறிச்சோடினால் அந்த நேரத்துக்கான தொழில் உங்கள் தெருவில் இல்லை. ரத்தப் பரிசோதனை நிலையம், பல் டாக்டர், கணக்குத் தணிக்கையாளர், தையல் வகுப்பு போன்றவைதான் பகல் நேரத்தில் ஆளை இழுப்பவை. காலியாகும் லாட்ஜ் அறைகளில் குளியலறையும் தண்ணீர் இணைப்பும் ஏற்கெனவே இருப்பதால் கிளினிக்குகளுக்கு அவை தோது.

மதுரையில் 1999-ல் மாட்டுத்தாவணி வந்து வெளியூர்ப் பேருந்துகள் போனபோதும் இதே பயம் இருந்தது. பெரியார் நிலையத்தில் நகரப் பேருந்துகள் நின்றன. ரயில் நிலையமும் மீனாட்சியம்மன் கோயிலும் நடந்துபோகும் தூரம். மாசி வீதிகள் இன்றும் கடைவீதிகளாகவே இருக்கின்றன. அதனால் ‘பேருந்து நிலையத்தைத் திரும்பக் கொடு’ என்று மனு எழுதுவதைவிட, எத்தனை நகரப் பேருந்துகள், எத்தனை நிமிட இடைவெளியில், எந்த நிறுத்தத்தில் நிற்க வேண்டும் என்று எண்ணிக்கை நோட்டின் நகலோடு மாநகராட்சி ஆணையரிடமும் போக்குவரத்துக் கழகத்திடமும் கொடுங்கள். கணக்கு வைத்த மனுவை ஒதுக்கித் தள்ளுவது கொஞ்சம் கஷ்டம்.

எங்கள் பாத்திரக்கடைக்கு மேல்மாடி இருக்கிறது. தாத்தா காலத்துக் கட்டடம். இப்போது பித்தளைச் சாமான் குடோன். வாடகைக்கு விட்டால் வருமானம் வருமா?
– கும்பகோணம் வாசகர்

வரும். அதற்குமுன் அந்தப் பித்தளையை இறக்குங்கள்.

உங்கள் தளம் அநேகமாக மெட்ராஸ் டெரஸாக இருக்கும். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே சிறு செங்கல்லைக் குறுக்குச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டியிருப்பார்கள். இந்தியத் தர நிர்ணயக் கணக்கில் வீட்டுத் தளத்துக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரம், சில்லறைக் கடைக்குச் சுமார் 400. கிடங்கு என்றால் அடுக்கும் உயரம் மீட்டருக்கு 240 கிலோ, எப்படியும் 750-க்குக் குறையாமல் தாங்க வேண்டும். குடியிருக்கக் கட்டிய தளத்தில் அண்டாவையும் குத்துவிளக்கையும் ஆளுயரம் அடுக்கினால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டை நடுவில் வளைந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். உண்மையில் பழுதாவது சுவருக்குள் நுழையும் முனை. மழையீரம் சுவர் வழியாக இறங்கித் தேங்கும் இடம் அதுதான். ஒவ்வொரு கட்டையையும் சுவரோரத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கில் முனை பதியாது, அழுத்தியதும் உள்ளே போனால் அந்தக் கட்டை போய்விட்டது. சுவர் ஓரமாக இரும்புச் சட்டம் கொடுத்துத் தாங்கலாம், எத்தனை இடத்தில் என்பதைக் கட்டுமானப் பொறியாளர் சொல்லட்டும்.

ஒழுகுகிறது என்று மொட்டைமாடியில் சிமெண்ட் பூசிவிடாதீர்கள். சுண்ணாம்புக்குள் இருக்கும் ஈரம் மேலே போக வழியில்லாமல் கீழே கட்டைக்கு இறங்கும். நாளடைவில் முனைகள் மக்கும். 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றிய சுண்ணாம்பு என்ற பழைய பொதுப்பணித்துறைக் கலவையை விரித்துக் கட்டையால் அடித்து இறுக்கி, மேலே ஓடு பதிப்பதுதான் இதற்கு ஒத்துப்போகும்.

அடுத்தது படிக்கட்டு. இரண்டரை அடி அகலத்தில் செங்குத்தாக ஏறும் பழைய படி உள்ள மாடியை டியூஷன் சென்டருக்கு விடவே கூடாது. நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். வணிகக் கட்டடத்துக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்பது ஒன்றரை மீட்டர். படியை அகலப்படுத்த இடமில்லையென்றால் தையல், கணக்கர், டிசைனிங் போல ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேருக்குமேல் கூடாத தொழிலாகப் பாருங்கள். படிக்குத் தெருவிலிருந்து தனி வாசல் வேண்டும். இரவு 9 மணிக்கு நீங்கள் ஷட்டரை இறக்கினால் மேலே இருப்பவர் மாட்டிக்கொள்ளக் கூடாது அல்லவா? கழிப்பறை, படியில் விளக்கு, தெருவில் பெயர்ப்பலகைக்கு இடம், மாடிக்குத் தனி மின் மீட்டர் எல்லாம் வேண்டும். மின் இணைப்பு வீட்டுக் கட்டணத்தில் இருந்தால் வணிகக் கட்டணத்துக்கு மாற்றிவிடுங்கள். ஆய்வில் பிடிபட்டால் அபராதத்தோடு கட்ட வேண்டிவரும். வண்ணம் பூசுவதெல்லாம் கடைசி வேலை.

நடைபாதைக் கடைகளை எடுத்தால்தான் எங்கள் ஜவுளிக்கடைக்கு வாடிக்கையாளர் நுழைய முடியும். யாரிடம் மனு கொடுப்பது?
– திருநெல்வேலி வாசகர்

மனு கொடுக்கலாம், நீங்கள் நினைத்தது நடக்காது. 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுத்துச் சான்று கொடுத்து முடியும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதென்றாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். முடிவெடுக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் தெருவோர வியாபாரிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

வியாபாரமாகப் பார்த்தாலும் இது நல்ல யோசனை இல்லை. பூவும் கிளிப்பும் வாங்க வந்தவள்தான் உங்கள் ஷோகேஸைப் பார்க்கிறாள். சென்னை பாண்டிபஜாரில் நடைபாதை வியாபாரிகளை 2013-ல் வணிக வளாகத்துக்குள் அனுப்பினார்கள். பத்து ரூபாய்ப் பொருளுக்கு யாரும் மாடி ஏறுவதில்லை என்பது இந்த மாதிரி வளாகங்கள் எல்லாவற்றுக்கும் உள்ள நோய். நீங்கள் கேட்க வேண்டியது அளவு. வணிகத் தெருவில் நடப்பதற்கு மட்டும் 2.5 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது சாலை அமைப்புக்கான விதிகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல். நடைபாதை நாலு மீட்டர் என்றால் சாலை ஓரத்தில் ஒன்றேகால் மீட்டர் ஆழக் கடை தாராளமாகப் பொருந்தும். உங்கள் வாசலுக்கு நேரே மட்டும் இடைவெளி கேளுங்கள், கிடைக்கும். உங்கள் பொம்மையையும் தள்ளுபடி ஸ்டாண்டையும் நடைபாதையிலிருந்து உள்ளே எடுத்துவிட்டுக் கேட்பது நல்லது.

பார்க்கிங் இல்லை, அதனால்தான் கூட்டம் மாலுக்குப் போகிறது என்கிறார்கள் எங்கள் சங்கத்தில். அடுக்குமாடி பார்க்கிங் கட்டச் சொல்லலாமா?
– திண்டுக்கல் வாசகர்

அதற்குமுன் ஒரு நாள் காலை 10 மணிக்குத் தெருவில் நிற்கும் வண்டிகளின் எண்களை எழுதுங்கள். பகல் 1 மணிக்கும் மாலை 5 மணிக்கும் மறுபடி எழுதுங்கள். மூன்று பட்டியலிலும் வரும் எண் வாடிக்கையாளருடையது இல்லை, உங்கள் சங்கத்தாருடையது. அல்லது அவர்கள் கடை ஊழியருடையது. கசப்பான பட்டியல்தான், ஆனால் அதைச் சங்கக் கூட்டத்தில் வாசித்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

சாலையோரமாக ஒரு கார் நிற்க ஆறு மீட்டர் நீளம் வேண்டும். அதே இடத்தில் குறுக்காக ஆறு பைக் நிற்கும். ஐந்து நிமிட நடையில் ஒரு காலி மனையை மாத வாடகைக்குப் பிடித்து ஊழியர் வண்டிகளை அங்கே அனுப்புங்கள். கடை வாசலில் முதல் மணி நேரம் மலிவாகவும் பிறகு ஏறுமுகமாகவும் நிறுத்தக் கட்டணம் வைக்க மாநகராட்சியிடம் சொல்லுங்கள். சரக்கு லாரி காலை 9-க்குள் வந்து போகட்டும். தெருவில் சும்மா நிறுத்த முடிகிறவரை, காசு கொடுத்து யாரும் மூன்றாம் மாடிக்கு வண்டியை ஏற்ற மாட்டார்கள்.

பத்து மாத அட்வான்ஸ், 11 மாத ஒப்பந்தம், அதற்குமேல் ஜிஎஸ்டி. புதுத்தொழில் செய்பவர் பழைய கடைவீதிக்குள் எப்படி வருவார்?
– பல வாசகர்கள்

வரமாட்டார். காபி மெஷினுக்கும் உள்ளலங்காரத்துக்கும் நாலு லட்சம் போடுகிறவர் 11 மாதத்தை நம்பி எப்படிப் போடுவார்? பதிவுச் செலவை மிச்சம் பிடிக்கத்தான் அந்த 11 மாதம். ஓராண்டைத் தாண்டினால் பத்திரப்பதிவு கட்டாயம். மூன்றாண்டு ஒப்பந்தம் போட்டுப் பதிவுசெய்வது இரு தரப்புக்கும் லாபம். 22.2.2019 முதல் நடப்பில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தமும் அதை வாடகை அதிகாரியிடம் பதிவதும் அவசியம். தனியாக வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைதான் முன்பணம். ஒப்பந்தத்தில் பத்து மாதம் என்று நீங்களே கையெழுத்துப் போட்டால் சட்டம் காப்பாற்றாது. கோயில் கடைகள் இந்தச் சட்டத்துக்குள் வராது.

கட்டட உரிமையாளர்களுக்கு ஒரு யோசனை. தெருவில் இதுவரை இல்லாத தொழிலுக்கு முதல் ஆறு மாதம் அறுபது சதவீத வாடகை, அடுத்த ஆறு மாதம் எண்பது, பிறகு முழுதும் என்று எழுதுங்கள். ஓராண்டு பூட்டிக்கிடந்த கடையின் வாடகை பூஜ்யம்தானே.

ஜிஎஸ்டியில் 10.10.2024 முதல் ஒரு மாற்றம். உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவில்லாதவர், வாடகைதாரர் பதிவுள்ளவர் என்றால் 18 சதவீதத்தை வாடகைதாரரே நேரடியாகக் கட்ட வேண்டும். கட்டியதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். அதற்கு வாடகைதாரரே தன் பெயரில் போட வேண்டிய சுய பில்லை 30 நாளுக்குள் போட மறப்பதுதான் வழக்கமான சிக்கல். இணக்க வரித் திட்டத்தில் (காம்போசிஷன்) இருக்கும் சிறு கடைக்காரர்களுக்கு இந்தப் பொறுப்பிலிருந்து 16.1.2025 முதல் விலக்கு உண்டு. ஆனால் உரிமையாளர் பதிவுள்ளவராக இருந்து வரி போட்டால் அவர்களுக்கு அது முழுச் செலவு, கழிக்க முடியாது. கடை பார்க்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

சங்கத்தில் பாதிப்பேர் சந்தா தருவதில்லை. கொடுத்தவர் காசில் போட்ட விளக்கு கொடுக்காதவர் வாசலிலும் எரிகிறது. என்ன செய்வது?
– ஈரோடு வாசகர்

உலகம் முழுக்க இதே கதைதான். டொராண்டோவில் சுரங்க ரயிலும் மால்களும் வந்து புளூர் தெருவில் கூட்டம் குறைந்தபோது வியாபாரிகள் இதே சண்டையில்தான் இருந்தார்கள். எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கடையும் கட்டாயமாகப் பங்களிக்கும்படி சட்டம் வாங்கி 1970-ல் புளூர் வெஸ்ட் வில்லேஜ் வணிக மேம்பாட்டுப் பகுதியை அமைத்தார்கள். அந்த வகையில் உலகில் முதலாவது அது.

இங்கே உங்களுக்கு அந்தச் சட்டம் கையில் இல்லை. ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதியலாம். சந்தாவைக் கடைக்கு இவ்வளவு என்று வைக்காமல் வாசல் அகலத்தின் அடிக்கணக்கில் வையுங்கள். எட்டடி வளையல் கடையும் நாற்பதடி ஜவுளிக்கடையும் ஒரே தொகை கொடுக்கும்போதுதான் மனத்தாங்கல் வருகிறது. வரவு செலவை மாதாமாதம் தெருமுனையில் ஒட்டுங்கள். முதல் செலவு தெருமுனை அலங்கார வளைவாக இருக்கக் கூடாது, பெண்களுக்கான கழிப்பறையாக இருக்கட்டும். கல்யாணப் புடவை எடுக்க வரும் குடும்பம் நாலு மணி நேரம் தெருவில் இருக்கும், கழிப்பறை இல்லையென்றால் இரண்டாவது மணியில் கிளம்பிவிடும். கட்டும்போதே தினம் மூன்று வேளை கழுவும் ஆளுக்கான சம்பளத்தையும் தண்ணீருக்கான தொகையையும் ஓராண்டுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு அப்புறம் அடிக்கல் நாட்டுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் மாதமே அதற்குப் பூட்டு விழும்.