பேர் குளிர்பானம், உள்ளே மது: வாசகர் கேள்வி - பதில்

கே: ஆஸ்திரேலியாவில் ‘ஹார்ட் சோலோ’ என்று வந்த டின் சில மாதங்களிலேயே ‘ஹார்ட் ரேட்டட்’ ஆகிவிட்டது. அரசு தடை போட்டதா? (வாசகி, மெல்பர்ன்)

ப: அரசு தடை எதுவும் போடவில்லை. பெயரை மாற்றவைத்தது ‘அபாக்’. மதுத் துறையே பணம் போட்டு 1998 முதல் நடத்திவரும் விளம்பர நெறிமுறைத் திட்டம் அது.

சோலோ என்பது அங்கே 1970-களிலிருந்து விற்கும் எலுமிச்சைக் குளிர்பானம். அதே பெயரில் 4.5% ஆல்கஹாலோடு 2023-இல் ஹார்ட் சோலோவை இறக்கியது கார்ல்டன் அண்ட் யுனைடெட் புருவரீஸ். குளிர்பானம், மது இரண்டுமே அசாஹி குழுமத்தின் கையில் இருப்பவை. அபாக் நெறிமுறையில் தெளிவாக ஒரு விதி உண்டு: மிட்டாய், குளிர்பானம் போன்றவற்றோடு குழப்பம் உண்டாகி, அதனால் சிறார்களை வலுவாக ஈர்க்கும்படி மதுவைச் சந்தைப்படுத்தக் கூடாது. டின்னின் பெயரும் நிறமும்கூட இந்த விதிக்குள் வரும். பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பானத்தின் பரிச்சயத்தை ஹார்ட் சோலோ அப்படியே மதுவுக்குக் கொண்டுவருகிறது, குளிர்பானத்திலிருந்து மதுவுக்குப் போவது ஏதோ இயல்பான அடுத்த படி என்று காட்டுகிறது என்பதுதான் நவம்பர் 2023-இல் வந்த முடிவின் சாரம்.

தீர்ப்பு சரியானதுதான். ஆனால் அது வந்த விதம் கவலை தருகிறது. இந்த டின் கடைக்கு வருமுன்பே அதே திட்டத்தின் முன்பரிசோதனையில் தேறியிருந்தது. வெளியிலிருந்து புகார்கள் போன பிறகுதான் தவறு தெரிந்தது. முடிவு வந்த பின்பும், பழைய பெயரில் கடைகளில் இருந்த சரக்கை பிப்ரவரி 2024 வரை விற்க அவகாசம் கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை, குளிர்ந்த டின் அதிகம் விற்கும் பருவம். அபராதம் விதிக்கும் அதிகாரம் அபாக்குக்குக் கிடையாது.

கே: இப்படி ஒரு டின்னில் உண்மையில் எவ்வளவு மது இருக்கிறது? (வாசகர், சிட்னி)

ப: டின்னின் அளவை (மி.லி.) ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் எத்தனாலின் (அதாவது தூய ஆல்கஹாலின்) மி.லி. கிடைக்கும். அதை எத்தனாலின் அடர்த்தியான 0.789-ஆல் பெருக்கினால் கிராம். 375 மி.லி., 4.5% என்றால் 16.9 மி.லி., அதாவது 13.3 கிராம். குடிக்கும் மதுவை எண்ணும் அலகான ‘ஸ்டாண்டர்ட் டிரிங்க்’ ஆஸ்திரேலியாவில் 10 கிராம், ஆகவே 1.3. பிரிட்டனின் ‘யூனிட்’ 8 கிராம்தான் என்பதால் அங்கே 1.7. அமெரிக்காவில் 14 கிராம், அதனால் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. டின் மாறவில்லை, நாடுதான் மாறியது. பலர் 0.789-ஆல் பெருக்க மறந்து மி.லி.யையே கிராமாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்போது கணக்கு கால் பங்குக்கும் மேல் கூடிவிடும்.

பெரிய டின்தான் ஆபத்து. அமெரிக்காவின் ‘ஃபோர் லோகோ’ என்ற இனிப்பு மதுபான டின் 23.5 அவுன்ஸ், சுமார் 695 மி.லி.; 2010 வாக்கில் அதில் 12% வரை ஆல்கஹால். கணக்கிட்டால் 66 கிராம் வருகிறது, அங்குள்ள அளவில் நாலேமுக்கால் பீருக்குச் சமம். ஒன்றிரண்டு பீர் அளவுதான் என்பதுபோல் அதை விளம்பரப்படுத்தினார்கள் என்று அந்நாட்டு வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம் சாட்டியது. 2013-இல் வந்த இறுதி ஆணையின்படி, பெரிய டின்களில் ஆல்கஹால் அளவைச் சொல்லும் பட்டியல் கட்டாயம். இரண்டரை பீருக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் திரும்ப மூடக்கூடிய கலனில்தான் விற்க வேண்டும். மூட முடியாத டின்னைத் திறந்தவர் முழுவதையும் குடித்துவிடுவார் என்பதுதான் காரணம். அந்தப் பானத்தில் முதலில் காஃபினும் இருந்தது. காஃபின் போதையின் மந்தத்தை மறைக்கும், ரத்தத்தில் உள்ள ஆல்கஹாலைக் குறைக்காது. நவம்பர் 2010-இல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்த பிறகு காஃபின் நீக்கப்பட்டது.

இனிப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. எத்தனாலின் கசப்பும் தொண்டை எரிச்சலும் ‘போதும்’ என்று சொல்லும் இயற்கையான தடை. சர்க்கரையும் புளிப்பும் அதை மூடிவிட்டால், முதல்முறை குடிக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு நிறுத்தத் தோன்றாது.

கே: புகார் கொடுத்தால் பயன் உண்டா? எப்படி எழுதுவது? (வாசகி, லண்டன்)

ப: உண்டு. ஹார்ட் சோலோவே சாட்சி. ஆனால் நிறையப் புகார்கள் முதல் படியிலேயே விழுந்துவிடுகின்றன. “மதுவே விற்கக் கூடாது”, “விலை மலிவாக இருக்கிறது” என்று எழுதினால் அது விளம்பர நெறிமுறைக்கு வெளியே போய்விடும். டின்னின் முன்பக்கம், பின்பக்கம், கடை அலமாரியில் அது இருக்கும் இடம் என மூன்று படம் எடுங்கள். பார்த்த தேதி, நேரம், இடம் குறியுங்கள். சமூக ஊடகத்தில் பார்த்தால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணைப்பையும் சேமியுங்கள். ‘ஸ்டோரி’யாக வருவது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். பிறகு எந்த விதி மீறப்பட்டது என்பதைச் சொல்லி, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள்: அதே மஞ்சள், அதே எழுத்து வடிவம், அதே பெயர். கோபம் எவ்வளவு நியாயமானாலும் இரண்டு வரியில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அனுப்பும் இடம் முக்கியம். பிரிட்டனில் பெயர், லேபிள், பேக்கிங் பற்றியது என்றால் போர்ட்மன் குரூப். தொலைக்காட்சி விளம்பரமோ கட்டண இணைய விளம்பரமோ என்றால் விளம்பரத் தரநிலை அமைப்பான ஏ.எஸ்.ஏ. மாற்றி அனுப்பினால் வாரங்கள் வீணாகும். போர்ட்மன் குரூப்பையும் 1989-இல் தொடங்கியது மதுத் துறைதான். 1995-இல் ‘ஹூச்’ போன்ற மது கலந்த லெமனேடுகள் கிளப்பிய எதிர்ப்புக்குப் பிறகு, 1996-இல் அதன் நெறிமுறை வந்தது. மீறிய பொருளை வாங்கி வைக்காதீர்கள் என்று கடைக்காரர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புவதே அதன் கூரிய ஆயுதம். பெரிய கடைகள் அதை மதிப்பதால் அதற்கு வலு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ‘ஆட் ஸ்டாண்டர்ட்ஸ்’ வழியாகப் புகார் தரலாம், கட்டணமில்லை.

கே: பெரியவர்கள் பார்க்கும் நிகழ்ச்சிகளில்தான் விளம்பரம் செய்கிறோம் என்று அமெரிக்க நிறுவனங்கள் சொல்கின்றன. நம்பலாமா? (வாசகர், நியூ ஜெர்சி)

ப: எண்ணைப் பாருங்கள். பார்வையாளர்களில் 71.6% பேர் 21 வயதைத் தாண்டியிருந்தால் போதும் என்று மதுத் துறை தனக்குத் தானே வைத்துக்கொண்ட விதி பல ஆண்டுகள் இருந்தது, பின்னர் 73.8% ஆயிற்று. 2010 கணக்கெடுப்பில் அந்நாட்டு மக்கள்தொகையில் 21 தாண்டியவர்களின் பங்கே 71.6%தான். நாட்டின் சராசரியையே எல்லையாக வைத்தால் எந்த நிகழ்ச்சி தடைபடும்? 71.6% விதிப்படி, ஒரு கோடிப் பேர் பார்த்தால் 28.4 லட்சம் பேர் 21 வயது நிரம்பாதவர்களாக இருக்கலாம். அந்த 28.4%-இல் தொட்டில் குழந்தையும் சேர்த்தி என்பது இன்னும் மோசம். 12 முதல் 20 வயதினர் மக்கள்தொகையில் சுமார் எட்டில் ஒரு பங்கு. கைக்குழந்தைகள் பார்க்காத நிகழ்ச்சியில் அவர்கள் இரு மடங்கு குவிந்தாலும் விதி மீறப்படாது. இந்த வயதினரின் பங்கு 15%-ஐத் தாண்டாத நிலையை நோக்கிப் போக வேண்டும் என்று அமெரிக்க மருத்துவ ஆலோசனை அமைப்பான இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2003-லேயே பரிந்துரைத்தது. தொழில் அதை ஏற்கவில்லை.

கே: நெறிமுறையை விட்டுவிட்டு வரியை ஏற்றினால்? (வாசகர், பெர்த்)

ப: ஏற்றிப் பார்த்தார்கள். ஏப்ரல் 2008-இல் ஆஸ்திரேலியா, ஸ்பிரிட் (வோட்கா, ரம் போன்றவை) கலந்த இவ்வகைப் பானங்களுக்கு ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கான வரியை 39.36 டாலரிலிருந்து 66.67 டாலராக்கியது. விற்பனை இறங்கியது. சிலர் தனி ஸ்பிரிட்டுக்கு மாறினார்கள். நிறுவனங்கள் இன்னொரு வழி கண்டன: பீரை அடிப்படையாக வைத்து, சுவையை மறைத்து, இனிப்பு சேர்த்து, பீருக்கான குறைந்த வரியில் விற்பது. அதனால் சட்டத்தில் பீர் என்பதன் வரையறையையே இறுக்க வேண்டியதாயிற்று. சர்க்கரை 4%-க்கு மேல் போகக் கூடாது, கசப்பு 4 அலகுக்குக் கீழே இறங்கக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் பீர் வரி கிடையாது.