விலை குறைந்த புத்தகமும் இரவு நேர விவாதமும்

அன்புள்ள அண்ணாச்சி,

வீரவநல்லூரிலிருந்து தினமும் பாளையங்கோட்டைக்கு வேலைக்கு வந்து போகிறேன். நடைபாதையில் மலிவாகப் புத்தகம் கண்டால் வாங்காமல் நகர மாட்டேன். போன மாதம் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் ஒரே கட்டாக வாங்கினேன். இரண்டாம் பாகத்தில் பதினாறு பக்கம் இரண்டு தடவை வருகிறது, அடுத்த பதினாறைக் காணோம். முதல் பாகமோ பாதி படிப்பதற்குள் தாள் தாளாகக் கையோடு வருகிறது. மலிவாக வாங்குவதே தப்பா?

இன்னொன்று. ராத்திரி எட்டு மணிக்கு அப்பா டிவியில் விவாதம் வைத்தால் பத்து மணி வரை அதுதான். ‘நாட்டு நடப்பு தெரிய வேண்டாமா’ என்கிறார். எனக்கு ஒன்றும் தெரிந்த மாதிரி இல்லை. அந்த நேரத்தில் துப்பறியும் கதையை எடுத்தால் ‘வெறும் பொழுதுபோக்கு’ என்று ஏசுகிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எஸ்., வீரவநல்லூர்

அன்புள்ள எஸ்.,

மலிவாக வாங்குவது தப்பே இல்லை. விலை ஏன் குறைந்தது என்று பார்க்காமல் வாங்கினால்தான் நஷ்டம்.

உங்கள் நாவலையே எடுத்துக்கொள்வோம். கல்கி மறைந்தது 1954இல். நம் சட்டப்படி, எழுத்தாளர் மறைந்த மறு ஆண்டு தொடங்கி 60 ஆண்டு காப்புரிமை உண்டு. அந்தக் கெடு முடியும் முன்பே அவர் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டது. யாரும் அச்சிடலாம், யாருக்கும் ராயல்டி தர வேண்டாம். விலை குறைய இது நேர்மையான காரணம். பதிப்பகம் தன் கிட்டங்கியில் தேங்கிய பிரதிகளைக் கழிப்பதும், புத்தகத் திருவிழா அரங்குகளில் கொடுக்கும் 10 சதவீதக் கழிவும் அப்படித்தான்.

திருட்டுப் பதிப்பு வேறு வகை. உயிரோடிருக்கும் எழுத்தாளரின் நன்றாக விற்கும் புத்தகத்தைப் படம்பிடித்து அடித்திருப்பார்கள். எழுத்தின் ஓரம் கசங்கித் தெரியும், அட்டை நிறம் மங்கியிருக்கும், அச்சகத்தின் பெயர் இருக்காது. தமிழில் ராயல்டி பொதுவாக 10 சதவீதம். 300 ரூபாய்ப் புத்தகத்துக்கு எழுத்தாளருக்கு வருவதே 30 ரூபாய். அதையும் பறிக்கிற பிரதியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

உங்களுக்கு நேர்ந்தது இது இரண்டுமில்லை. தாளிலும் பைண்டிங்கிலும் மிச்சம் பிடித்ததன் விளைவு. புத்தகம் பெரும்பாலும் 16 பக்க ஃபாரமாக, அதாவது மடித்தால் 16 பக்கமாகும் ஒரே பெரிய தாளாக, அச்சாகிறது. மடித்த ஃபாரங்களை வரிசையாக அடுக்கிப் பிறகு பைண்டிங் செய்வார்கள். கையால் அடுக்கும் இடத்தில், மூன்றாம் ஃபாரத்தை இரண்டு தடவை எடுத்து நான்காவதை விட்டுவிட்டால் 33 முதல் 48 வரை இரட்டிக்கும், 49 முதல் 64 வரை காணாமல் போகும். நல்ல அச்சகத்தில் ஒருவர் பிரதி பிரதியாகப் புரட்டிச் சரிபார்ப்பார். அந்தக் கூலியை மிச்சம் பிடித்தால் பிழை உங்கள் வீடு வரை வரும்.

ஆகவே கடைக்காரர் முன்னாலேயே 16, 17 பக்கங்களைப் பாருங்கள். பிறகு 32, 33. பிறகு 48, 49. ஃபாரம் மாறும் இந்த முனைகளில் எண் தொடர்ந்தால் போதும், நடுவில் ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டாம். 400 பக்கப் புத்தகத்துக்கு 24 இடம், இரண்டு நிமிட வேலை. அச்சுக் கோர்த்த காலத்துப் புத்தகமென்றால் இன்னும் எளிது: ஃபாரத்தின் முதல் பக்க அடியில் பொடி எழுத்தில் ஃபார எண்ணே இருக்கும். தொடர்கதையாக வந்த நாவல்களில் அத்தியாயத்தையும் எண்ணுங்கள். நீங்கள் வாங்கியதில் பாகவாரியாக 57, 53, 46, 46, 91, மொத்தம் 293 அத்தியாயங்கள் இருக்க வேண்டும். குறைந்தால் யாரோ சுருக்கியிருக்கிறார்கள், அட்டையில் சொல்லாமல்.

தாள் உதிர்வதற்குக் காரணம் முதுகில் இருக்கிறது. புத்தகத்தை நிமிர்த்தி முதுகின் மேல்முனையைப் பாருங்கள். சிறு சிறு மடிப்புகள் வளைந்து அடுக்கடுக்காகத் தெரிந்தால், நடுவில் விரித்தால் நூல் தெரிந்தால், அது தையல். தட்டையாக, பசைக்கோடு மட்டும் இருந்தால் பர்ஃபெக்ட் பைண்டிங். இதில் மடிப்பை வெட்டிவிடுவதால் ஒவ்வொரு தாளும் தனித்தாள், பிடித்திருப்பது ஓரத்துப் பசை மட்டும்தான். பசை ஏற முதுகைச் சுரண்டிச் சொரசொரப்பாக்க வேண்டும். அவசரத்தில் அது நடக்காது. பசையைச் சூடாக்கித்தான் தடவுகிறார்கள் என்பதால் சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் கிடந்தால் இளகும், பழசானால் மொறமொறவென்று உடையும். கடையில் நடுப்பக்கத்தை மெல்ல அழுத்தி விரியுங்கள். ‘சடக்’ என்று சத்தம் வந்தால் வைத்துவிடுங்கள்.

வாங்கியதை வீணாக்க வேண்டாம். நாட்டுடைமை ஆன நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும், ஆகவே அத்தியாய எண்ணை வைத்துத் தேடி, விட்டுப்போன பகுதியை இருபுறமும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். உதிர்ந்த பாகத்தோடு சேர்த்து பைண்டரிடம் கொடுத்து, பக்கவாட்டில் துளையிட்டு நூல் தையல் போடச் சொல்லுங்கள். அதற்கு முன் உள் ஓரத்தை அளந்து பாருங்கள். ஒன்றரை சென்டிமீட்டராவது வெள்ளை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வரியின் கடைசி எழுத்தைத் தையல் தின்றுவிடும்.

2023 டிசம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய புத்தகக் கட்டில் நனைந்து காய்ந்தவையும் கலந்துவரும். பக்கம் அலையலையாக இருந்து முகர்ந்தால் மக்கல் வாடை அடித்தால் உள்ளே பூஞ்சை இருக்கிறது. அதை அலமாரியில் வைத்தால் பக்கத்துப் புத்தகமும் போகும். வழவழப்பான ஆர்ட் தாள் நனைந்து ஒட்டிவிட்டால் பிரியவே பிரியாது. உங்கள் சொந்தப் புத்தகம் நனைந்தால் வெயிலில் போடாதீர்கள். விசிறியாக விரித்து நிற்க வைத்து, மின்விசிறிக் காற்றில், இருபது பக்கத்துக்கு ஒரு செய்தித்தாளைச் செருகி, ஈரம் ஏறிய தாளை அவ்வப்போது மாற்றுங்கள்.

மலிவுப் பதிப்பு போதாத இடமும் உண்டு. நம்மூர்ப் புதுமைப்பித்தன் மறைந்தது 1948இல், நாட்டுடைமை ஆனது 2002இல். அவர் கதைகள் எத்தனையோ பதிப்பகங்களில் கிடைக்கின்றன. ஒரு பதிப்பைப் பார்த்து இன்னொன்று அடிக்க, பிழை மேல் பிழை ஏறும். அவர் மொழியில் ஒரு சொல் பிசகினாலும் நெல்லைப் பேச்சு சென்னைப் பேச்சாகிவிடும். ஆ. இரா. வேங்கடாசலபதி மூலங்களோடு ஒப்பிட்டு உருவாக்கிய பதிப்பு 2000இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் அந்த உழைப்புக்கு. கையில் காசில்லாவிட்டால் நூலகத்தில் எடுத்துப் படியுங்கள்.

துப்பறியும் கதை பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. படியுங்கள். கோயில் கொடைக்கு விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்கிறவர்களுக்கு மாடன் கதை முன்னமே தெரியும். உடுக்கையும் குடமும் ஏறும் இடத்துக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பொழுதைப் போக்குவது கேவலமான காரியமில்லை, அப்பாவிடம் இதைத் தைரியமாகச் சொல்லலாம்.

விவாதத்திடமும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்: இது ஏன் மலிவு? ஒரு மேசையும் நாலு பேரும் இருந்தால் இரண்டு மணி நேரம் ஓடிவிடும். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் செய்திக்கோ ஒருவர் மணிமுத்தாறு சோதனைச்சாவடி தாண்டி மலையேற வேண்டும், லயன் வீடுகளில் பேச வேண்டும், சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 ஆண்டுக்குக் கொடுத்த குத்தகை 2028இல் முடிவதன் பொருளை விசாரிக்க வேண்டும். அதற்கு நாளும் பணமும் ஆகும். அதனால்தான் அந்த இடத்தைப் பேச்சு நிரப்புகிறது.

செய்தித்தாளுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். பென்சிலை எடுத்து ‘கூறப்படுகிறது’, ‘தகவல் வெளியாகியுள்ளது’, ‘வட்டாரங்கள் தெரிவிக்கின்றன’ என்று முடியும் வாக்கியங்களை அடியுங்கள். சொன்னவர் யார் என்று தமிழில் மறைக்க ‘படு’ ஒன்றே போதும். மிச்சமிருப்பதில் யார், எந்தத் தேதியில், எந்த அரசாணையில், எந்த வழக்கில் என்று தேடுங்கள். கால் பக்கச் செய்தியில் மூன்று வரி தேறினால் அந்த மூன்றும்தான் செய்தி.

ராதாபுரம் தொகுதி இதற்கு நல்ல பாடம். 2016 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை 49 வாக்கில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. வழக்குப் போனது. தபால் வாக்குகளில் சான்றொப்பமிட்டவர்கள் அதற்குத் தகுதியுள்ளவர்களா என்பது அதில் முக்கியமான கேள்வி. 2019இல் உயர் நீதிமன்றம் 203 தபால் வாக்குகளையும் 19, 20, 21ஆம் சுற்றுகளையும் மீண்டும் எண்ணச் சொன்னது. எண்ணியும் முடித்தார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ஓர் இடத்தின் முடிவு கடைசி மூன்று சுற்றிலும் ஒரு கட்டுத் தபால் உறையிலும் தொங்கியது. காலை ஒன்பது மணிக்குத் திரையில் ஓடும் ‘முன்னிலை’யை இதோடு வைத்துப் பாருங்கள்.

எண்ணிக்கை எட்டு மணிக்குத் தபால் வாக்கில் தொடங்கும், இயந்திரங்கள் அரை மணி கழித்து. வழக்கமாகத் தொகுதிக்கு 14 மேசை, ஒரு சுற்றில் 14 சாவடி இயந்திரங்கள். சாவடிக்கு 600 வாக்கு என்றால் சுற்றுக்கு 8,400. இயந்திரங்கள் சாவடி எண் வரிசையில் வருவதால் முதல் சில சுற்றுகள் தொகுதியின் ஒரு பக்கத்து ஊர்களை மட்டுமே காட்டும். மறு பக்கம் திறக்கும்போது நிலை புரளலாம்.

அடுத்த எண்ணிக்கை நாளில் அப்பாவோடு உட்காருங்கள். அம்பாசமுத்திரம் தொகுதியின் சாவடி எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி, 14ஆல் வகுத்து, மொத்தச் சுற்று எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் வித்தியாசத்தை அவரையே எழுதச் சொல்லுங்கள். மிச்சமுள்ள சுற்றுகளில் வரக்கூடிய மொத்த வாக்கைவிட வித்தியாசம் பெரிதாகும் வரை டிவி யாரை ஜெயிக்க வைத்தாலும் அந்தத் தாளில் பெயர் எழுத வேண்டாம்.

அன்புடன்.