விண்டோஸைத் தொடாமல் பென் டிரைவில் லினக்ஸ் ஓடுமா?

பாலக்காட்டுச் சித்தூரில் மகள் பள்ளியில் லினக்ஸில் பழகுகிறாள், வீட்டு லேப்டாப்பில் விண்டோஸ்தான், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பென் டிரைவிலிருந்தே தாராளமாக ஓட்டலாம். கேரளப் பள்ளிகளின் கைட் லினக்ஸ், உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. அதனால் வீட்டுக்கு உபுண்டுவே போதும்.

உபுண்டுவின் ஐஎஸ்ஓ கோப்பை (முழு சிஸ்டமும் அடங்கிய ஒரே கோப்பு) இறக்கி, ரூஃபஸ் மென்பொருளால் டிரைவில் எழுதுங்கள். டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். கல்யாண போட்டோ ஏதும் கிடந்தால் முதலில் எடுத்து வையுங்கள். ரூஃபஸில் 'பெர்சிஸ்டென்ட்' (சேமித்தவை அழியாமல் தங்கும் இடம்) அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு பட்டை இருக்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். அது பூஜ்யத்திலேயே இருந்தால், லேப்டாப்பை அணைத்ததும் மகள் சேமித்ததெல்லாம் போச்சு. 32 ஜிபி டிரைவில் 10 ஜிபியாவது ஒதுக்குங்கள்.

அப்புறம் லேப்டாப்பை ஆன் செய்த கையோடு எஃப்12 தட்டுங்கள் (ஹெச்பி என்றால் எஃப்9; கம்பெனியைப் பொறுத்து மாறலாம்). வரும் பட்டியலில் யுஎஸ்பியைத் தேர்ந்தெடுங்கள். செக்யூர் பூட்டை (நம்பகமான சிஸ்டத்தை மட்டும் தொடங்கவிடும் லேப்டாப்பின் பாதுகாப்பு அமைப்பு) அணைக்க வேண்டியதில்லை. 'இன்ஸ்டால்' என்று கேட்டால் மட்டும் வேண்டாம் என்று மூடிவிடுங்கள். விண்டோஸுக்கு ஆபத்து வருவது அந்த வழியில்தான்.

மலிவான பென் டிரைவ் ஆமை வேகத்தில் நகரும். கையில் காசு இருந்தால் யுஎஸ்பி 3.0 எஸ்எஸ்டி வாங்குங்கள்.