உடல்நலமுள்ள பெண் கருமுட்டையை உறைய வைப்பது தவறா?

குன்னூரில் ஆசிரியையாக இருக்கும் உங்களுக்கு வயது 31, நோய் எதுவும் இல்லை, திருமணமும் இப்போதைக்கு வேண்டாம். கருமுட்டையை உறைய வைப்பது அறமா என்று கேட்கிறீர்கள்.

இயற்கைக்கு விரோதம் என்ற வாதத்தை நான் பொருட்படுத்துவதில்லை. மூக்குக்கண்ணாடியும் இயற்கை இல்லைதான். என்னை உறுத்துவது, நம்பிக்கையைக் காப்பீடு போல விற்பது. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் முட்டைகள் கெடாமல் இருக்கும். ஆனால் உருக்கும்போது சில பிழைக்காது, பிழைத்தவை எல்லாம் குழந்தையாவதும் இல்லை. 35 வயதைத் தாண்டி எடுத்தால் வாய்ப்பு இன்னும் குறையும். உறைய வைத்தவர்களில் பெரும்பாலோர் அவற்றைப் பயன்படுத்தத் திரும்பி வருவதே இல்லை. இதையெல்லாம் சொல்லாமல் பணம் வாங்குவதுதான் அறப்பிழை.

கோத்தகிரியில் என் தங்கை இதைச் செய்துகொண்டாள். பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி. மருந்து ஃப்ரிட்ஜ் கதவில், கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் இருந்தது. "சர்க்கரைக்கா?" என்று கேட்ட அம்மாவுக்கு அவள் பதிலே சொல்லவில்லை. ஸ்கேனுக்குக் கோவை போகும்போது, வீங்கிய சினைப்பையோடு ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.

2014-இல் ஃபேஸ்புக்கும் ஆப்பிளும் ஊழியர்களுக்கு இந்தச் செலவை ஏற்பதாக அறிவித்தன. சலுகைதான், ஆனால் "பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடு" என்றும் என் காதில் விழுகிறது. உங்களுடையது உங்கள் முடிவாக இருந்தால் எனக்கு மறுப்பில்லை. செயற்கைக் கருத்தரிப்பு முறைகளுக்கான நம் நாட்டின் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்கள் 50 வயதுக்குள் இந்தச் சிகிச்சையைப் பெற வேண்டும். பணம் கட்டுமுன் மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: என் வயதில் இங்கே உறைய வைத்த முட்டைகளிலிருந்து இதுவரை எத்தனை குழந்தைகள் பிறந்திருக்கின்றன?